உல்லேரிப் படிகளும் அக்காவின் சுகர் மிஷினும்

மார்ச் 22, சனி. போக்கரா, நேபாளம்

மலையைக் காணோம்.

"பனிமலை தெரியும் அறை" என்று சொல்லி முந்நூறு ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டார்கள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு மொட்டைமாடியில் போர்வை காய்கிறது, அதற்குப் பின்னால் ஒரே சாம்பல் நிறம். மழை பெய்து நாளாகிவிட்டது, காட்டுத்தீப் புகையும் தூசியும் சேர்ந்து இப்படித்தான் இருக்கும், ஒரு மழை வரட்டும் என்றார் விடுதிக்காரர். முந்நூறைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்த இடம்தான். போன வருஷம் இடுப்பு பிடித்துக்கொண்டதில் டாக்டர் நடக்கச் சொன்னார். கையில் ஒரு கடிகாரம் வாங்கிக் கட்டிக்கொண்டு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்ற ஆரம்பித்தேன். அது பத்தாமல் யானைமலை, அழகர்மலை, சிறுமலை. ஒரு வருஷத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது என்பதை இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பின்னால் தேவைப்படும்.

அக்காவுக்கு 61 வயது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். சுகர் வந்து பதினோரு வருஷம். 108 திவ்யதேசத்தில் ஒன்று, திருச்சாளக்கிராமம் என்று பாடப்பட்ட முக்திநாத்துக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லித்தான் அவளைக் கிளப்பினேன். அதற்கு முன்னால் நாலைந்து நாள் "லேசான நடை" ஒன்று இருக்கிறது என்பதை விமானத்தில் ஏறிய பிறகு சொன்னேன்.

சாயங்காலம் வழிகாட்டித் தம்பி வந்தார். இருபத்து நாலு வயது, லம்ஜுங் பக்கத்துப் பையன். எங்கள் பைகளைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திறந்தார். என் பையிலிருந்து மூன்றாவது ஜோடி செருப்பு வெளியே வந்தது. அக்கா பையிலிருந்து கரண்ட் கெட்டில். இட்லிப் பொடி டப்பாவை மோந்து பார்த்தார், திரும்ப உள்ளே வைத்தார். "பையனுக்கு விவரம் இருக்கு" என்றாள் அக்கா.

இங்கே நம் 100 ரூபாய்க்கு 160 நேபாள ரூபாய், மாறாத கணக்கு. இனி எழுதும் விலையெல்லாம் நேபாள ரூபாயில். அன்னபூர்ணா காப்பகத்துக்குள் நுழைய மற்ற வெளிநாட்டவருக்கு 3,000, சார்க் நாட்டுக்காரர்களுக்கு 1,000. இந்தியராகப் பிறந்ததில் இன்றைக்கு மிச்சம் இரண்டாயிரம்.

ராத்திரி படுக்கும்முன் அக்கா விரலைக் குத்திப் பார்த்தாள். 188. "காலையில பாரு, வெறும் வயித்துலயும் நூத்தம்பது இருக்கும்" என்றாள், ஏதோ பெருமை போல.

மார்ச் 23, ஞாயிறு. உல்லேரி

காலையில் 152. சொன்னபடியே.

ஜீப்பில் நயாபுல் தாண்டி, பீரேதாந்தியில் அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு, ஹிலே வரை போனோம். சாலை இப்போது உல்லேரி வரைக்குமே ஏறிவிட்டது. பெரும்பாலானவர்கள் அங்கேதான் இறங்கி நடக்கத் தொடங்குகிறார்கள். ஹிலேயில் நிறுத்தச் சொன்னது என் திமிர். புகழ்பெற்ற உல்லேரிப் படிகளை ஜீப்பில் கடந்தால் ஊரில் போய் என்ன சொல்வது?

ஹிலேயில் ஒரு கடையில் மூங்கில் கழி விற்றார்கள், ஒன்று நூறு ரூபாய். அக்கா இரண்டு வாங்கினாள். எனக்கு வேண்டாம் என்றேன். "கிழவி மாதிரி இருக்கும்க்கா."

"நான் கிழவிதாண்டி" என்று தரையில் தட்டிப் பார்த்து உயரம் சரிபார்த்துக்கொண்டாள்.

திக்கேதுங்காவில் ஓடையைத் தாண்டியதும் படிகள் தொடங்கின. 3,280 என்கிறார்கள். தம்பியைக் கேட்டேன். ஆளுக்கொரு எண் சொல்வார்கள், பாதியில் மூச்சு வாங்கும்போது எல்லாருக்கும் கணக்கு விட்டுப்போகும் என்று சிரித்தார். உயரத்தில் கணக்குப் போட்டால் 1,540 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் வரை, ஒரே மூச்சில். செதுக்காத கற்பலகைகள். ஒன்று அரையடி, அடுத்தது முக்கால் அடி. பழனிப் படி மாதிரி கால் பழகிக்கொள்ள விடாது.

தம்பி முன்னால் நடந்தார். நடந்தார் என்பதே அதிகம். ஒரு கால் வைப்பார், நிற்பார், அடுத்த கால். "பிஸ்தாரை, பிஸ்தாரை" என்பதுதான் அவர் வாயில் வரும் ஒரே மந்திரம். மெதுவாக, மெதுவாக. பேச்சு தடைபடாமல் எவ்வளவு வேகத்தில் ஏற முடியுமோ அதுதான் உங்கள் வேகம், பேச முடியாமல் போனால் அது மலையின் வேகம் என்றார். அக்கா அவர் பின்னாலேயே ஆட்டுக்குட்டி மாதிரி போனாள். நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து முன்னால் ஏறி, ஒரு திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பது, அவர்கள் வந்ததும் மறுபடி ஓடுவது என்றிருந்தேன்.

கோவேறு கழுதைகள் எதிரே வந்தன. சமையல் வாயு சிலிண்டர், அரிசி மூட்டை, பீர்ப் பெட்டி எல்லாம் அவற்றின் முதுகில்தான். மணிச்சத்தம் கேட்டதுமே தம்பி எங்களை மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கினார். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும், கழுதைக்கு அது தெரியவும் தெரியாது. வழியில் எதிர்ப்பட்ட எல்லாரும் "நமஸ்தே" சொன்னார்கள். இருபது கிலோ சுமந்து வரும் ஆளும் தலையில் மாட்டிய பட்டையைத் தூக்கிவிட்டு நமஸ்தே என்கிறார். மூச்சில்லாத நானும் சொல்ல வேண்டியிருந்தது.

முக்கால்வாசி ஏறியிருப்போம். மேலேயிருந்து திரும்பிப் பார்க்கிறேன், அக்கா ஒரு படியில் உட்கார்ந்திருக்கிறாள். தம்பி என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறார். இறங்கி ஓடினேன். முகமெல்லாம் வேர்த்துக் கொட்டுகிறது, வேர்வை குளிர்ந்திருக்கிறது. கை நடுங்குகிறது. "என்னக்கா செய்யுது?" என்றால், "ஒண்ணுமில்ல, நீ பாட்டுக்குப் போ, எப்பவும் போலப் போ" என்று எரிந்து விழுந்தாள். அக்கா அப்படிப் பேசுகிறவள் இல்லை. அதில்தான் எனக்குப் பொறி தட்டியது. பையிலிருந்து மிஷினை எடுத்துக் குத்தினேன். 61.

சுகர் ஏறுமோ என்றுதான் பதினோரு வருஷமாகப் பயந்திருக்கிறோம். இறங்கும் என்று யாரும் நினைக்கவில்லை. காலையில் வழக்கமான மாத்திரையை முழுசாகப் போட்டிருக்கிறாள். சாப்பிட்டது ஒரு ரொட்டியும் அரை முட்டையும். மேலே இரண்டு மணி நேரம் படி. நடக்கும்போது தசைகள் இன்சுலினுக்குக் காத்திருக்காமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மாத்திரையோ மறுபக்கம் இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. இரண்டு பக்கமும் இழுத்தால் இறங்காமல் என்ன செய்யும்?

தம்பி என்ன ஏது என்று கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக்குள் ஓடி, ஒரு கிளாஸ் வெந்நீரில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கொண்டுவந்தார். வீட்டுக்கார அம்மாள் பின்னாலேயே வந்து அக்காவின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றாள். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 94. அதற்கு மேல் ஒரு கடலைமிட்டாயும் பிஸ்கட்டும் தின்ற பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள். "பதினோரு வருஷம் கழிச்சு சக்கரைத் தண்ணி குடிக்கிறேன்டி. என்னா ருசி."

அந்த அம்மாள் காசு வாங்க மறுத்துவிட்டாள்.

உல்லேரியில் சிக்னல் இருந்தது. ஊரில் அக்காவின் டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் பேசினேன். நன்றாகத் திட்டினார். கிளம்பும் முன்னால் கேட்டிருக்க வேண்டாமா என்றார். நடக்கிற நாட்களில் மாத்திரை பாதி, சாப்பிடாமல் ஓரடி கூட எடுத்து வைக்கக் கூடாது, இனிப்பு கைக்கெட்டும் பையில் இருக்க வேண்டும். இது அக்காவுக்குச் சொன்னது. உங்களுக்கு உங்கள் டாக்டர் வேறு சொல்வார், கேட்டுவிட்டு மலை ஏறுங்கள்.

வழக்கமாக இரண்டரை மணி நேரத்தில் ஏறுவார்கள் என்ற தூரத்துக்கு எங்களுக்கு ஐந்து மணி நேரம் ஆனது. இன்று முழுக்க நான் முன்னால் ஓடி ஓடிக் காத்திருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கடிகாரம் மட்டும் "இன்றைய இலக்கை எட்டிவிட்டீர்கள்" என்று பட்டாசு வெடித்துக் காட்டுகிறது.

மார்ச் 24, திங்கள். கோரேபானி

மலைவிடுதிகளின் கணக்கு சுலபம். அறை வாடகை ஒப்புக்குத்தான். சாப்பாடு அங்கேயே சாப்பிட வேண்டும் என்பது எழுதாத ஒப்பந்தம். மேலே போகப் போக விலையும் ஏறும். போக்கராவில் 300க்குச் சாப்பிட்ட தால்பாத் உல்லேரியில் 550, இங்கே 650. கழுதையின் முதுகைப் பார்த்த பிறகு பேரம் பேச வாய் வரவில்லை. அதுவும் சோறு, பருப்பு, காய், கீரை எல்லாமே வேண்டிய மட்டும் திரும்பப் போடுவார்கள். நம்மூர் அளவில்லாச் சாப்பாடுதான். அப்பளமும் உண்டு.

அக்கா கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு உல்லேரி விடுதியின் பாட்டி சமையற்கட்டிலிருந்தே வந்துவிட்டார். இங்கே தாயையும் தாய் வயதுப் பெண்களையும் "ஆமா" என்று அழைக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. "இன்னும் சோறு வேணுமாக்கா?" என்று நான் கேட்க, அக்கா "ஆமா" என்பாள். பாட்டி உடனே "என்னம்மா?" என்று திரும்புவார். "குளிருதா?" "ஆமா." பாட்டி மறுபடி வந்து நிற்பார். மூன்றாவது தடவைதான் தம்பி விளக்கினார். அதற்கப்புறம் அக்கா வேண்டுமென்றே சொன்னாள்.

அதே பாட்டி இன்று காலை மெனு அட்டையில் இல்லாத ஒன்றைக் கொடுத்தார். திண்டோ. தட்டில் வந்ததும் அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கேழ்வரகுக் களி! நெய் ஊற்றி, குந்த்ருக் என்ற புளித்த கீரையில் வைத்த சாறு ஊற்றிக் கொடுத்தார். புளிப்பு வித்தியாசம், களி அச்சு அசல் நம் களி. கேழ்வரகை இங்கே "கோதோ" என்கிறார்கள். உசிலம்பட்டியில் எங்கள் அம்மாச்சி கிண்டியதை 2,000 மீட்டர் உயரத்தில் வேறொரு பாட்டி கிண்டித் தருகிறார். வெளிநாட்டுப் பயணிகள் பக்கத்து மேசையில் ரொட்டிக்குத் தேன் தடவிக்கொண்டிருந்தார்கள், பாவம்.

இன்றைய நடை முழுக்கக் காடு. பான்தாந்தி தாண்டியதும் ஓக் மரங்கள், கிளை முழுக்கப் பாசி. அப்புறம் சிவப்பு. லாலிகுராஸ் என்று தம்பி சொன்னது ரோடோடெண்ட்ரான். நேபாளத்தின் தேசியப்பூ. மதுரைக்காரிக்கு இதை எப்படிச் சொல்வதென்று யோசித்தால், ஊட்டியிலும் கொடைக்கானல் மேட்டிலும் நிற்கும் காட்டுப்பூவரசும் இதே இனந்தான். அங்கே ஒன்றிரண்டாக நிற்பது இங்கே மலைச்சரிவு முழுக்க. பாதையில் உதிர்ந்து கிடப்பதை மிதிக்க மனசு வராமல் அக்கா தாண்டித் தாண்டி நடந்தாள். தொண்டையில் மீன்முள் சிக்கினால் இந்த இதழை விழுங்கச் சொல்வார்களாம்.

நான் இன்று முன்னால் ஓடவில்லை. தம்பி, அக்கா, நான் என்ற வரிசை. முதல் அரைமணி நேரம் பொறுமை போய்விடும் போலிருந்தது. அப்புறம் எப்போது சரியானது என்று தெரியவில்லை. மூச்சு இரைக்காததால் காது திறந்தது. மரங்கொத்தி ஒன்று, ஓடை, அக்காவின் கழி கல்லில் படும் சத்தம். தம்பி கொரிய மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கொரியாவுக்கு வேலைக்குப் போக மொழித்தேர்வு எழுத வேண்டுமாம், இரண்டாவது முயற்சி. எண்களை மனப்பாடம் செய்துகொண்டு ஏறுகிறார். அக்காவின் வாத்தியார்ப் புத்தி விழித்துக்கொண்டது. ஒன்றிலிருந்து நூறு வரை சொல்லச் சொல்லிக் கேட்டாள், ஒரு வார்த்தை கொரியம் தெரியாமலே. தயங்கிய இடத்தில் கழியால் தரையைத் தட்டினாள். "இந்த எடம் சரியா வரல. மறுபடி சொல்லு தம்பி."

மூன்று மணிக்கு ஆலங்கட்டி மழை. கோரேபானிக்கு அரைமணி நேரம் இருக்கும்போது பிடித்துக்கொண்டது, புளியங்கொட்டை அளவுக்கு. விடுதிக்குள் நுழைந்தபோது நனையாதது பொடி டப்பா மட்டும்தான். நடுக்கூடத்தில் தகர டிரம்மில் செய்த பெரிய விறகடுப்பு. அதைச் சுற்றிக் கம்பி கட்டி ஐந்து நாட்டுக்காரர்களின் காலுறைகள் தொங்குகின்றன. அந்த வாசனையைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை. வெந்நீர்க் குளியல் 250, போன் சார்ஜ் 100. குளியலை விட்டுவிட்டோம்.

அக்காவின் மிஷின் வேலை செய்யவில்லை. திரையில் ஒரு வெப்பமானிப் படம், ஒரு பிழை எண். பத்து டிகிரிக்குக் கீழே போனால் அது கணக்குச் சொல்லாதாம். அக்கா அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு பூண்டு சூப் குடித்தாள். இருபது நிமிஷத்தில் மிஷினுக்கு உயிர் வந்தது. 131. சாப்பிட்ட பிறகு!

இது 2,870 மீட்டர். கடல்மட்டத்தோடு ஒப்பிட்டால் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 70 சதவீதம்தான். படுத்துப் புரண்டாலே நெஞ்சு அடித்துக்கொள்கிறது. பூண்டு சூப் மலைநோய்க்கு நல்லது என்று எல்லா விடுதியிலும் சொல்கிறார்கள். நல்லதோ இல்லையோ, சூடாக இருந்தது.

மார்ச் 25, செவ்வாய். பூன் ஹில், தாடாபானி

நாலேகாலுக்கு எழுப்பினார். மழை கழுவிவிட்ட வானத்தில் நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது. நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு இருநூறு பேர் வரிசையாக ஏறுகிறோம், கார்த்திகை தீபத்தன்று திருப்பரங்குன்றம் ஏறுவது போல.

பாதி வழியில் அக்கா, "நீ போடி, விடிஞ்சிரப் போவுது. நான் தம்பியோட வர்றேன்" என்றாள். நேற்றைய ஞானமெல்லாம் எங்கே போனதோ, போய்விட்டேன்.

பூன் ஹில், 3,210 மீட்டர். பூன் என்பது இங்கே வாழும் புன் மகர் மக்களின் பெயர். மேலே ஒரு பார்வைக் கோபுரம், ஒரு டீக்கடை, ஒரே கூட்டம். முதலில் தவளகிரியின் உச்சியில் ஒரு புள்ளி சிவந்தது. 8,167 மீட்டர், உலகின் ஏழாவது உயரம். தவளம் என்றால் வெண்மை, தமிழ் நிகண்டிலும் அதே பொருள்தான். அந்த வெண்மை ஐந்து நிமிஷம் செம்பருத்தி நிறத்தில் இருந்துவிட்டுத் தங்கமானது. வலப்பக்கம் அன்னபூர்ணா தெற்கு, ஹியூஞ்சுலி, அதற்குப் பின்னால் மச்சபுச்சரே. மீன்வால் என்று பெயர். மச்சம் நமக்குப் புரியும். 6,993 மீட்டர்தான், ஆனால் புனித மலை. 1957இல் ஏறிய ஆங்கிலேயர் இருவர் உச்சிக்குச் சற்றுக் கீழேயே நின்று திரும்பிவிட்டார்கள். அப்புறம் ஏற அனுமதியே இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நான் நின்றேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் ஒரு கொரியத் தம்பதிக்குப் படம் எடுத்துக் கொடுத்தேன், அவர்கள் எனக்கு எடுத்தார்கள், கையுறையைக் கழற்றியதில் விரல் மரத்துப்போனது, யாரோ ஒருவரின் கைக்கம்பு தலையில் இடித்தது. நூற்றைம்பது ரூபாய் டீ. சூரியன் வந்து இருபது நிமிஷத்தில் முக்கால்வாசிப் பேர் இறங்கிவிட்டார்கள், காலைச் சாப்பாட்டுக்கு.

அக்கா அப்புறம்தான் வந்தாள். காலியான மைதானத்தில் கழி ஊன்றி நின்று சுற்றிப் பார்த்தாள். "எதுடி எவரெஸ்ட்?"

"அது இந்தப் பக்கமே இல்லக்கா."

"பரவாயில்ல." மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். காற்று முகத்தில் அடிக்கிறதாம். கொரியத் தம்பதி இன்னும் இருந்தார்கள். தம்பியைத் தள்ளிவிட்டாள், "போ, பேசிப் பாரு." அவர் வெட்கத்தோடு ஏதோ சொல்ல, அந்தப் பெரியவர் முகம் மலர்ந்து, தோளைத் தட்டி, பத்து நிமிஷம் பேசினார். திரும்பி வந்த தம்பியின் முகத்தைப் பார்த்தேன். இன்றைக்கு அங்கே விடிந்ததில் அதுதான் எனக்குச் சரியாகத் தெரிந்தது.

மதியம்தான் என் கணக்கு தீர்ந்தது.

கோரேபானியிலிருந்து தேவராலி மேட்டைத் தாண்டினால் இறக்கம். ஓடை வழியாக, ஈரக் கல், நிழலில் மிச்சப் பனிக்கட்டி. ஏற்றம் முடிந்த சந்தோஷத்தில் தடதடவென்று இறங்கினேன். தம்பி இரண்டு முறை "பிஸ்தாரை" என்றார். மூன்றாவது முறை சொல்வதற்குள் வலது முழங்காலுக்குள் ஆணி இறங்கியது மாதிரி இருந்தது.

ஏறும்போது தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கி நிறுத்த வேண்டும், பிரேக் பிடித்தபடி வண்டி இறங்குவது போல. நுண்ணிய கிழிசல்கள் அதில்தான் விழுகின்றன, வலி முழுசாக வருவது ஒன்றிரண்டு நாள் கழித்து. முழங்கால் மூட்டுக்கும் அடி இறக்கத்தில்தான். யானைமலையில் ஒரு மணி நேர இறக்கம் இதைச் சொல்லித் தரவில்லை. "கால் சின்னதா வைங்க, முட்டி கொஞ்சம் மடங்கி இருக்கட்டும், பக்கவாட்டில் இறங்குங்க" என்று தம்பி கற்றுக்கொடுத்தார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தன் கழிகளில் ஒன்றை நீட்டினாள்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆட்களை இரண்டு மாதம் மலையேறவிட்டு, இறங்கும்போது கம்பிவட வண்டியில் அனுப்பினார்கள். அடுத்த இரண்டு மாதம் வண்டியில் ஏற்றிவிட்டு நடந்து இறங்கச் செய்தார்கள். ஏற்றத்தில் ரத்தத்தின் டிரைகிளிசரைடு கொழுப்பு குறைந்தது. உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் கூடியதோ இறக்கத்தில். மூச்சு வாங்காத, "இதெல்லாம் உடற்பயிற்சியா" என்று நாம் நினைக்கிற இறக்கத்தில்! இதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப இது எனக்குன்னே போட்ட பாதைடி" என்று ஒற்றைக் கழியோடு முன்னால் போய்விட்டாள்.

தாடாபானி வந்து சேர மாலை ஐந்தரை. காலையில் வெறும் வயிற்றில் 126 என்று எழுதி வைத்திருக்கிறாள்.

மார்ச் 26, புதன். காந்த்ருக்

எழுந்ததும் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்க முடியவில்லை. இந்தியன் கழிப்பறை. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

எழுநூறு மீட்டர் இறக்கம், மூன்று மணி நேர வழி, ஐந்தரை மணி நேரம். இப்போது காத்திருந்தது அக்கா. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆரஞ்சு மிட்டாய் சப்பிக்கொண்டிருப்பாள். உல்லேரியில் நான் எப்படி இருந்திருப்பேன் என்று பார்க்கக் கிடைத்தது. ஒரு வித்தியாசம், அவள் நான் வந்து சேர்ந்ததும் உடனே எழுந்து கிளம்பவில்லை. நானும் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகுதான் எழுந்தாள்.

காந்த்ருக் குருங் மக்களின் ஊர். கருங்கற்பலகை வேய்ந்த கூரைகள், முற்றத்தில் சோளக்கதிர் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. வீட்டுக்கொரு பட்டாளத்துக்காரர் என்பது போல. விடுதிக்கு அடுத்த வீட்டுப் பெரியவர் இந்திய ராணுவத்தின் கூர்க்கா படையில் இருந்தவராம். பென்ஷன் போக்கரா அலுவலகத்தில் வாங்குகிறார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு "வணக்கம்" என்றார். தூக்கிவாரிப் போட்டது. சென்னையில் பரங்கிமலைப் பக்கம் மூன்று வருஷம் இருந்தாராம். "இட்லி நல்லது. வெயில் நல்லதில்லை" என்றார் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து. அக்கா உள்ளே போய் இட்லிப் பொடி டப்பாவைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டாள், முழுசாக. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போய்க் கடுகெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தார், என் முழங்காலுக்கு. வீக்கத்துக்கு அது என்ன செய்ததோ தெரியாது. நன்றாகத் தூங்கினேன்.

மாலையில் அன்னபூர்ணா தெற்கு, விடுதி வாசலுக்கே வந்து நின்றது போல. போக்கராவில் முந்நூறு ரூபாய்க்கு வராதது.

மார்ச் 27, வியாழன். நயாபுல்

வெறும் வயிற்றில் 108. மாத்திரை பாதிதான், டாக்டர் சொன்னபடி. அக்கா அந்த எண்ணைப் படம் எடுத்துப் பேரனுக்கு அனுப்பினாள்.

இனி எனக்கு ஜீப்தான் என்று தம்பி சொல்லிவிட்டார். காந்த்ருக் வரை சாலை உண்டு. சாலை என்று ஒரு பேச்சுக்கு. அக்கா ஜீப்பைப் பார்த்தாள், படிகளைப் பார்த்தாள். "நான் நடந்தே வர்றேன்டி. தம்பிக்கு இன்னும் ஐநூறு வரைக்கும் எண்ணு வரல."

அவளுக்குக் கழி வேண்டுமே என்று நீட்டினேன். ஒன்று போதும் என்றாள்.

ஜீப்பில் நான், காலி சிலிண்டர்கள் பதினாறு, ஓர் ஆடு, ஆட்டுக்குச் சொந்தக்காரர். தலைக்கு 600. ஆட்டுக்கு 200. இரண்டு மணி நேரம் அந்த ஆடு என் முழங்காலில் தலைவைத்துக்கொண்டு வந்தது, சரியாக வலிக்கிற காலில்.

நயாபுல் டீக்கடையில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்று டீ, ஒரு தட்டு மோமோ. வருகிறவர்கள் எல்லாரும் நமஸ்தே சொன்னார்கள். ஒருவர் விடாமல் நானும் சொன்னேன். மூன்றரைக்குப் பாலத்து மேலே கழி சத்தம். அக்கா வந்துகொண்டிருந்தாள், முகம் வெயிலில் கறுத்து, காதோரம் ஒரு லாலிகுராஸ் பூ. பின்னால் தம்பி கொரியத்தில் எண்ணிக்கொண்டு.

உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் மிஷினை எடுத்துக் குத்தினாள். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். 211.

"என்னக்கா இது?"

"வழியில ஒரு வீட்டுல ஏதோ பூசை. செல் ரொட்டி சுட்டுப் போட்டாங்க, வளையம் வளையமா, நம்ம அதிரசம் மாதிரி. வேணாம்னா அந்த ஆமா மனசு சங்கடப்படும்ல?"

"எத்தனை தின்ன?"

அக்கா தம்பியைப் பார்த்தாள். தம்பி கொரியத்தில் ஒரு எண் சொன்னார்.